‘பயன்படாதவை’ என்பது யாருடைய சொல்?

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை. பிரேசர் டவுனில் நான் குடியிருக்கும் மாடி அறையிலிருந்து ஆய்வுக்கூடத்துக் கணினிக்குள் நுழைந்து பார்த்தேன். முந்தைய இரவு எட்டு மணிக்குத் தொடங்கிய 48 கணக்கீடுகளில் முதல் 7 மட்டுமே முடிந்திருந்தன. மற்றவை அனைத்தும் தொடங்கிய நொடியிலேயே நின்றுபோயிருந்தன. ஒவ்வொன்றின் பதிவேட்டிலும் ஒரே வரிதான் இருந்தது: தேவையான நிரலகக் கோப்பைத் திறக்க இயலவில்லை, அப்படியொரு கோப்பு இல்லை.

அந்தக் கணக்கீடுகள் என்னுடையவை அல்ல. என் ஆய்வுக்குழுவில் புதிதாகச் சேர்ந்த மாணவியுடையவை. கோலார் தங்கவயலைச் சேர்ந்தவர். பள்ளிப்படிப்பைத் தமிழ்வழியில் முடித்தவர். அடுத்த செவ்வாய்க்கிழமை அவருடைய முதல் ஆய்வுக்குழுக் கூட்டம். இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும், 1901ஆம் ஆண்டிலிருந்து தொடங்கும் கட்டவாரியான நாள்மழைத் தரவை எங்கள் பழைய ஃபோர்ட்ரான் நிரலுக்கு ஊட்டி, அதன் முடிவுகளை அவர் அங்கே காட்ட வேண்டியிருந்தது.

தொலைபேசியில் அழைத்தேன். வட்டில் இடம் குறைந்துவிட்டதென எச்சரிக்கை வந்ததால் இரவு பத்து மணியளவில் ‘ஆட்டோரிமூவ்’ கட்டளையை இட்டதாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. “எதையும் அழிக்கறதுக்கு முன்னாடி உதவிக் குறிப்பைப் படின்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!” என்று கேட்டேன்.

சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, “படிச்சுட்டுத்தான் அக்கா போட்டேன். ‘அன்யூஸ்ட்’னுதான் போட்டிருந்துச்சு. நாமதான் ராத்திரியெல்லாம் யூஸ் பண்ணிட்டு இருக்கோமே, அதனால நம்மளோடதைத் தொடாதுன்னு நினைச்சேன்” என்றார்.

அப்போது நான் அதை ஒரு சமாதானமாகவே எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது ஒரு நல்ல வாசகரின் விளக்கம் என்பது எனக்கு விளங்க அன்று மாலை ஆகிவிட்டது.

லினக்ஸ் பழக்கமில்லாதவர்களுக்காகச் சில வரிகள். டெபியன், உபுண்டு போன்ற இயங்குதளங்களில் மென்பொருள்கள் பொதிகளாக வருகின்றன. ஒரு பொதி இயங்க வேறு பொதிகள் தேவைப்படும். அவற்றைச் சார்புகள் என்கிறோம். ‘ஏப்ட்’ என்னும் பொதி மேலாண்மைக் கருவியிடம் நாம் ஒன்றைக் கேட்டால், அதற்கு வேண்டிய பத்தையும் சேர்த்து அதுவே நிறுவிவிடும். நாம் பெயர் சொல்லிக் கேட்டவற்றையும், துணைக்குத் தானாக வந்தவற்றையும் அது தன் குறிப்பேட்டில் பிரித்து எழுதி வைத்துக்கொள்கிறது. பின்னொரு நாள், துணைக்கு வந்த ஒன்றை நிறுவப்பட்டுள்ள வேறெந்தப் பொதியும் கோரவில்லை என்றால், அது நீக்கத்தக்கதாகிறது. ஆட்டோரிமூவ் செய்வது அந்த நீக்கத்தைத்தான்.

எங்கள் ஃபோர்ட்ரான் நிரல் பொதியாக வந்ததன்று. நாங்களே தொகுத்து, நாங்களே ஒரு கோப்புறையில் வைத்தது. நெட்சிடிஎஃப் என்னும் தரவு வடிவத்தைப் படிக்கும் நிரலகத்தை அது ஒவ்வொரு முறையும் தொடங்கும்போது தேடும். ஆனால் ஏப்டின் குறிப்பேட்டில் எங்கள் நிரலின் பெயரே கிடையாது. நாள்தோறும் நூறு முறை ஓடினாலும் ஏப்டைப் பொறுத்தவரை அது இல்லாத ஒன்று. ஆகவே அந்த நிரலகம் ‘பயன்படாதது’.

கருவியின் உதவிக் குறிப்பில் ஆட்டோரிமூவுக்கு எதிரே இருந்தது ஆங்கிலத்தில் ஐந்தே சொற்கள்: ‘ஆட்டோமேட்டிக்கலி ரிமூவ் ஆல் அன்யூஸ்ட் பேக்கேஜஸ்’. பல ஆண்டுகளாக நான் அந்த வரியைக் கண்ணால் கடந்திருக்கிறேன், படித்ததில்லை. எனக்கு அதன் பொருள் முன்பே தெரியும் என்பதால் சொற்களைப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை. பொருள் தெரியாத ஒருவர் சொற்களை மட்டுமே நம்பிப் படித்தபோதுதான் அவற்றின் குறை வெளிப்பட்டது.

அன்று மாலை அந்த வரியைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். மாணவிக்கு அனுப்பத்தான் எழுதினேன். கண்டிப்பதற்குப் பதிலாக விளக்கலாம் என்று தோன்றியிருந்தது. ‘பயன்படாத எல்லாப் பொதிகளையும் தானாக நீக்கு.’ எழுதி முடித்ததும் இரண்டு இடங்களில் இடறியது.

முதலாவது ‘தானாக’. ஆங்கில வரியில் அந்த வினையடை நீக்குதல் என்னும் வினையோடு ஒட்டி நிற்கிறது. உண்மையில் அங்கே எதுவும் தானாக நீங்குவதில்லை. கருவி பட்டியலைக் காட்டுகிறது, தொடரலாமா என்று கேட்கிறது, நாம் ஒப்பிய பிறகே நீக்குகிறது. தானாக நிகழ்ந்தது நீக்கமன்று, நிறுவல். ‘தானாக நிறுவப்பட்ட’ பொதிகள் என்பதே கருத்து. வினையடை தனக்குரிய வினையை விட்டுவிட்டு அயல்வினையில் போய் அமர்ந்திருக்கிறது.

இரண்டாவது ‘பயன்படாத’. இந்த எதிர்மறைப் பெயரெச்சத்தைத் தமிழில் எழுதியவுடன் ‘யாருக்கு?’ என்னும் கேள்வி தானே எழுகிறது. எனக்குப் பயன்படாதது, உனக்குப் பயன்படாதது, ஊருக்குப் பயன்படாதது. நான்காம் வேற்றுமை வந்து நிற்க வேண்டிய இடம் அந்த வரியில் காலியாக இருக்கிறது. எழுதியவர் ‘வேறு பொதிகளுக்கு’ என்று மனத்துக்குள் நிரப்பிக்கொண்டார். படித்த மாணவி ‘நமக்கு’ என்று நிரப்பிக்கொண்டார். கணினியின் முன் அமர்ந்திருக்கும் மனிதருக்கு இரண்டாவதுதான் இயல்பான நிரப்பல். அவருடைய வாசிப்பில் பிழையே இல்லை.

குழப்பமின்றி எழுதினால் தமிழில் இப்படி வரும்: ‘துணைக்காகத் தானாக நிறுவப்பட்டு, இப்போது வேறெந்தப் பொதிக்கும் தேவைப்படாதவற்றை நீக்கு.’ சற்று நீளம்தான். ஆனால் இந்த வரியைப் படித்திருந்தால், ‘எங்கள் நிரல் பொதியா?’ என்னும் கேள்வியாவது அவருக்குத் தோன்றியிருக்கும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அதுதான். அந்த நிரலகம் ஏன் திடீரென்று எவருக்கும் தேவைப்படாததாயிற்று என்று அறிய ஏப்டின் வரலாற்றுக் கோப்பைத் திறந்தேன். எந்தக் கட்டளை, எந்த நேரத்தில், எந்தப் பயனரால் இடப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். வெள்ளி இரவு ஆட்டோரிமூவ், மாணவியின் பயனர்ப் பெயர். அதற்கு ஒன்பது நாள் முன்பு வேறொரு நீக்கம். நெட்சிடிஎஃபின் உருவாக்கப் பொதி, அதாவது நிரலைத் தொகுக்கும்போது மட்டும் தேவைப்படுவது. எதிரே இருந்தது என் பெயர்.

நிரலைத் தொகுத்தாயிற்று, இனி இது எதற்கு என்று அதை நான்தான் எடுத்திருக்கிறேன். அந்த உருவாக்கப் பொதிதான் நிரலகத்தைத் துணைக்கு அழைத்து வந்தது. அதை எடுத்தவுடன் நிரலகத்தைக் கோருவார் யாருமில்லை. நான் கண்ணியை வைத்துவிட்டுப் போனேன். ஒன்பது நாள் கழித்து அவர் அதில் கால் வைத்தார்.

அதைவிடக் கசப்பானது வேறு. உருவாக்கப் பொதியை நீக்கும்போது கருவி என்னிடம் ஒரு செய்தி சொல்லியிருக்கும். அது எப்போதும் சொல்வதுதான். பின்வரும் பொதிகள் தானாக நிறுவப்பட்டவை, இனித் தேவைப்படாதவை, வேண்டுமானால் ஆட்டோரிமூவ் கொண்டு நீக்கலாம் என்று அதில் இருக்கும். கவனியுங்கள்: இந்தச் செய்தியில் ‘தானாக’ சரியான வினையோடு நிற்கிறது, ‘பயன்படாத’ என்பதற்குப் பதில் ‘தேவைப்படாத’ வந்திருக்கிறது. ஒரே கருவி ஒரு செயலை இரண்டு இடங்களில் இரண்டு விதமாகச் சொல்கிறது. தெளிவான வாக்கியம் எனக்கு வந்தது, நான் படிக்கவில்லை. தெளிவற்ற வாக்கியம் அவருக்கு வந்தது. அவர் கவனமாகப் படித்தார். திட்டு வாங்கியவர் படித்தவர்.

நியாயமாகச் சொன்னால், ஏப்டின் விரிவான கையேட்டுப் பக்கம் இதை நன்றாகவே விளக்குகிறது. ஒரு காலத்தில் துணையாக வந்து, இப்போது உங்களுக்குப் பிடித்துப்போய்விட்ட செயலிகள் அந்தப் பட்டியலில் உள்ளனவா என்று சரிபாருங்கள், இருந்தால் ‘நானே நிறுவியது’ என்று குறித்து வையுங்கள் என அது அறிவுறுத்துகிறது. மனிதருக்கும் மென்பொருளுக்கும் இடையில் உருவாகும் உறவைப் பொதிகளின் கணக்கு அறியாது என்பதை அதை எழுதியவர் உணர்ந்திருக்கிறார். ஆனால் அவசரத்தில் இருப்பவர் திறப்பது குறுகிய உதவிக் குறிப்பை. கையேட்டில் உள்ள எச்சரிக்கை அங்கே எட்டிப்பார்க்கவில்லை. அதே குறிப்பின் கடைசி வரியில், இந்தக் கருவிக்கு ‘சூப்பர் கவ் பவர்ஸ்’ உண்டு என்னும் பழைய நகைச்சுவைக்கு மட்டும் இடம் கிடைத்திருக்கிறது. அந்த மாட்டின் மீது எனக்குப் பகையில்லை. ஒரு வரியின் இடமதிப்பு எவ்வளவு என்பதற்காகச் சொல்கிறேன்.

நல்ல எடுத்துக்காட்டும் அதே குறிப்பில் உண்டு. ‘அப்கிரேட்’, ‘ஃபுல்-அப்கிரேட்’ என்னும் இரண்டு கட்டளைகளுக்கான வரிகளில் உள்ள வேறுபாடு ஒரே சொல்தான். இரண்டாவதில் ‘நீக்கி’ என்பது கூடுதலாக, அதுவும் முதலில் நிற்கிறது. முதற்கட்டளை நிறுவியுள்ள எதையும் நீக்காது, இரண்டாவது நீக்கக்கூடும். அந்த ஒரு சொல் முழு எச்சரிக்கையையும் சுமக்கிறது. நீளமாக எழுதினால்தான் தெளிவு வரும் என்பதில்லை. எந்தச் சொல் என்பதே முக்கியம்.

நான் வசிக்கும் பகுதிக்கும் இதற்கும் ஒரு தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. 1898இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின், நெரிசலைக் குறைக்கக் கண்டோன்மென்ட்டில் உருவான குடியிருப்பு இது. மைசூரின் ரெசிடென்டாக இருந்த ஸ்டூவர்ட் ஃப்ரேசரின் பெயரைத் தாங்கியது. பின்னர் சாளுக்கிய அரசன் பெயரால் புலிகேசி நகர் ஆயிற்று. இங்கே வந்த புதிதில், வாடகை ஒப்பந்தத்தில் புலிகேசி நகர் என்று எழுதியிருந்ததைக் கண்டு, வேறேதோ இடத்துக்குக் கையெழுத்திடுகிறேனோ என்று தயங்கியிருக்கிறேன். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டபோது, “ரெண்டும் ஒண்ணுதானேம்மா!” என்று வியந்தார். அது எவருக்காவது தெரியாமல் இருக்கும் என்பதே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. மாஸ்க் ரோட்டிலிருந்து கோல்ஸ் ரோட்டுக்கு வழி கேட்டாலும் அப்படித்தான். இடித்து முடித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்ட கட்டடங்களை அடையாளம் வைத்துத்தான் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, சோம்பலும் இல்லை. ஊர்க்காரர்களுக்கு அந்தக் கட்டடம் இன்னும் அங்கேதான் நிற்கிறது.

உதவிக் குறிப்புகளில் பெரும்பாலானவை இப்படி ஊர்க்காரர் சொல்லும் வழிதான். கருவியை உருவாக்கியவருக்கு ‘அன்யூஸ்ட்’ என்றால் எந்தக் கணக்கின்படி என்பது ஐயத்துக்கே இடமில்லாதது. வழி கேட்பவரோ வெளியூர்க்காரர். தெரிந்தவருக்குக் குறிப்பே வேண்டியதில்லை. தெரியாதவருக்கு மட்டுமே அது எழுதப்படுகிறது. ஆனால் தெரிந்தவரால்தான் எழுதப்படுகிறது. இந்த முரண் மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று. நம் ஆய்வுக்கட்டுரைகளின் முறையியல் பகுதியும் இப்படித்தான் எழுதப்படுகிறது என்பதை ஆய்வாளர்கள் மறுக்கமாட்டீர்கள்.

சரி, அந்த வரியைத் திருத்துவோம் என்று உட்கார்ந்தால், அதுவும் எளிதன்று. முதல் தடை அகலம். கட்டளை வரி முனையத்தின் மரபான அகலம் 80 எழுத்துகள். 1928இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய 80 நெடுவரிசைத் துளை அட்டையிலிருந்து வந்த அளவு அது. அட்டை போய்விட்டது, அளவு நிற்கிறது. அதற்குள் கட்டளையின் பெயரும் விளக்கமும் அடங்க வேண்டும். ஆங்கிலத்தில் நான் எழுதிப் பார்த்த வரி, தானாக நிறுவப்பட்டு வேறு பொதி எதுவும் கோராதவற்றை நீக்கு என்னும் பொருளுடையது. கட்டளைப் பெயரையும் சேர்த்து 71 எழுத்துகளில் முடிந்தது. தெளிவுக்கு இடமில்லை என்னும் வாதம் இந்த வரியைப் பொறுத்தவரை நிற்காது.

இரண்டாவது தடையை நான் எதிர்பார்க்கவில்லை. இத்தகைய கருவிகளில் ஒவ்வொரு ஆங்கில வாக்கியமும் ‘கெட்டெக்ஸ்ட்’ என்னும் முறைப்படி மொழிபெயர்ப்புக் கோப்புகளோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆங்கில மூலத்தில் சொற்களை மாற்றினால், அந்த வரிக்கான எல்லா மொழிபெயர்ப்புகளும் ஐயத்துக்குரியவை எனக் குறிக்கப்படும். ஒவ்வொரு மொழியிலும் ஒருவர் வந்து சரிபார்க்கும்வரை அந்த மொழிப் பயனருக்கு ஆங்கில வரியே தெரியும். ஆங்கிலம் அறிந்தவருக்கு ஒரு வரியைத் தெளிவாக்கப் போய், ஜப்பானியரிடமிருந்தும் பிரெஞ்சுக்காரரிடமிருந்தும் அவர்களுடைய வரியைச் சில காலத்துக்குப் பிடுங்கிவிடுகிறோம். கருவியைப் பராமரிப்பவர்கள் சிறு சொல்திருத்தங்களுக்கும் ஏன் தயங்குகிறார்கள் என்பது அப்போது புரிந்தது. அந்தக் கோப்புகளின் வரிசையில் மராத்தியும் நேபாளியும் உண்டு. தமிழை நான் காணவில்லை. டெபியனின் நிறுவியைத் தமிழிலேயே இயக்கலாம், அதைத் தன்னார்வலர்கள் செய்து வைத்திருக்கிறார்கள். நிறுவிய பின் நாள்தோறும் பேச வேண்டிய கருவி மட்டும் நம்மோடு இன்னும் தமிழில் பேசத் தொடங்கவில்லை.

‘எவ்வளவு தெளிவாக எழுதினாலும் பயனர்கள் படிப்பதில்லை’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதற்குச் சான்றாக 2021 நவம்பரில் நிகழ்ந்ததை நினைவூட்டினார். லைனஸ் செபாஸ்டியன் என்னும் புகழ்பெற்ற யூடியூபர், பாப் ஓஎஸ் என்னும் லினக்ஸ் வகையில் ஸ்டீம் என்னும் விளையாட்டுச் செயலியை நிறுவ முயன்றார். பொதிகளுக்கிடையே இருந்த ஒரு கோளாறினால், மேசைத்தளத்தின் இன்றியமையாப் பொதிகளே நீக்கப் பட்டியலில் வந்தன. ஏப்ட் எச்சரித்தது. என்ன செய்கிறீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் ‘ஆம், நான் சொல்வதைச் செய்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரைத் தட்டச்சு செய்யுமாறு கேட்டது. அவர் தட்டச்சு செய்தார். திரை இருண்டது. படிக்காதவரின் கதை இது என்பது நண்பரின் முடிவு.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு விளையாட்டுச் செயலியை நிறுவக் கேட்டவருக்கு, ‘உங்கள் திரையே போய்விடும்’ என்னும் செய்தி பொதிப் பெயர்களின் நீண்ட பட்டியலாகச் சொல்லப்பட்டது. அதன் மேல் இருந்த எச்சரிக்கை, இன்றியமையாதவை நீங்கும் என்றது. நீங்கினால் அவருக்கு என்ன ஆகும் என்று சொல்லவில்லை. ஏப்டின் மேம்பாட்டாளர்கள் பயனரைப் பழித்துக்கொண்டிருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அந்தத் தொடரைத் தட்டச்சு செய்து இன்றியமையாப் பொதிகளை நீக்கும் வாசலையே அவர்கள் அடைத்துவிட்டார்கள். இனி அதற்கெனத் தனி விருப்பக்குறியை முன்கூட்டியே தர வேண்டும். வாசகர் தவறிய இடத்தில் வாக்கியத்தையும் வாசலையும் ஐயுறும் மனப்பாங்கு அது.

யுனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3ஆம் நாளிட்டது. அதன் பக்கங்களில் ‘பக்ஸ்’ என்றொரு பகுதி உண்டு. எழுதியவரே தம் படைப்பின் குறைகளை அங்கே ஒப்புக்கொள்வார். டெபியன் திட்டத்திலும் உதவிக் குறிப்பில் உள்ள தெளிவின்மையை நிரற்பிழையைப் போலவே வழுவாகப் பதிவு செய்யலாம். மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்தால் போதும். அந்த மரபின் கருத்து எளியது: சொல்லிலும் வழு இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் ஒன்று பழுதானால் நாம் முதலில் மாணவரைத் தேடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மாணவியை வீட்டுக்கு அழைத்தேன். மாஸ்க் ரோட்டு ஆல்பர்ட் பேக்கரியில் பஃப்ஸ் வாங்கி வைத்திருந்தேன். நிரலகத்தைச் சனிக்கிழமை நண்பகலிலேயே மீண்டும் நிறுவிக் கணக்கீடுகளைத் தொடங்கிவிட்டிருந்தோம். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தன. செவ்வாய்க் கூட்டத்துக்கு எந்த இழப்பும் இல்லை. வரலாற்றுக் கோப்பை அவர் முன் திறந்து, ஒன்பது நாள் முந்தைய வரியையும் அதிலிருந்த என் பெயரையும் காட்டினேன். “தப்பு என்னோடது. நீ சரியாத்தான் படிச்சிருக்க” என்றேன்.

அவர் நெடுநேரம் திரையையே பார்த்தார். பிறகு, “அப்போ இங்கிலீஷ் எனக்கு வராததால இல்லையா அக்கா?” என்று கேட்டார்.

இரண்டு நாளாக அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்து சொல் வரி ஒன்று விளங்காமல்போனதற்குத் தன் பள்ளிப்படிப்பைக் காரணமாக்கிக்கொண்டிருக்கிறார். நட்டக்கணக்கில் 41 ஓட்டங்களை மட்டுமே நான் எழுதி வைத்திருந்தேன். தெளிவற்ற ஒரு வரி படிப்பவரிடமிருந்து எடுத்துக்கொள்வது நேரத்தை மட்டுமன்று என்பது அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றிரவே இருவருமாகச் சேர்ந்து, எங்கள் கணினியில் அடிக்கடி பயன்படும் பன்னிரண்டு கட்டளைகளுக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதினோம். நான் எழுதுவேன், அவர் படித்து, எந்த இடத்தில் ‘யாருக்கு?’, ‘எது?’ என்று கேள்வி வருகிறதோ அங்கே கோடிடுவார். ‘அப்டேட்’ என்பதற்கு நான் முதலில் ‘புதுப்பி’ என்று எழுதியிருந்தேன். “எதை?” என்று கேட்டார். பொதிகளையன்று, பொதிகளின் பட்டியலை மட்டும் என்று சேர்த்தேன். ஆட்டோரிமூவுக்கு எதிரே மூன்று வரிகள் வந்தன. மூன்றாவது அவர் எழுதியது: ‘நாமே தொகுத்த நிரல்களை இந்தக் கட்டளை அறியாது, அவற்றுக்கு வேண்டிய நிரலகங்களை முதலில் நாமே நிறுவியதாகக் குறித்து வை.’ அந்தத் தாள் இப்போது ஆய்வுக்கூடத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆங்கில வரிக்கான திருத்தத்தையும் காரணத்தோடு எழுதி வைத்திருக்கிறோம். வழுப்பதிவாக அதை அவர் பெயரிலேயே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இதைப் படிக்கும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நிரலுக்கோ கருவிக்கோ உதவிக் குறிப்பு எழுதியிருந்தால், அதை உங்கள் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவரிடம் கொடுத்து, அவர் புரிந்துகொண்டதைத் தம் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். குறுக்கிடாமல் கேளுங்கள். அவர் தவறாகச் சொல்லும் இடத்தில் திருத்த வேண்டியது பெரும்பாலும் உங்கள் வாக்கியமாகவே இருக்கும்.